ஹோட்டல் பில்லில் அந்த 10 ரிங்கிட்: ஊர் விளம்பரத்துக்கு நாம ஏன் காசு கட்டணும்?

கோலாலம்பூர் ட்ரிப் புக் பண்றீங்கன்னு வச்சுக்கோங்க. ஆப்ல ரூம் ஒரு நைட்டுக்கு 120 ரிங்கிட், நாலு நைட்டு, பணம் முழுசா கட்டியாச்சு. விடியக்காலை ஃப்ளைட்ல போய் இறங்கி, தூக்கக் கலக்கத்தோட ரிசப்ஷன்ல பாஸ்போர்ட்டை நீட்டினா, "டூரிசம் டாக்ஸ் 40 ரிங்கிட் கட்டணும்"னு சொல்றாங்க. நம்ம காசுக்கு 800 ரூபாய்க்கும் மேல. ஏமாத்துறாங்களோன்னு ஒரு நிமிஷம் தோணும். ஏமாத்தலை. அது மலேசியாவோட சட்டம். 2017 செப்டம்பர் 1-லிருந்து ஒரு ரூமுக்கு, ஒரு இரவுக்கு 10 ரிங்கிட் வசூலிக்கிறாங்க. மலேசியக் குடிமக்களுக்கு இது கிடையாது. வெளிநாட்டுக்காரங்களுக்கு மட்டும்தான்.

2023 டிசம்பரிலிருந்து இந்தியர்கள் விசா இல்லாம மலேசியா போகலாம்ங்கிறதால, நம்ம ஆபீஸ் கூட்டம் பாதி பத்துமலையில இருந்து ஸ்டேட்டஸ் போடுது. அதனால இந்த 10 ரிங்கிட்டை ஒருநாள் நீங்களும் கட்டப் போறீங்க. சின்னத் தொகைதான், அதுக்காக யாரும் ட்ரிப்பை கேன்சல் பண்ணப் போறதில்லை. ஆனா உலகம் முழுக்க ஊர்கள் இப்படி ரூம் வாடகை மேல ஒரு கட்டணம் வச்சு, அதுல ஒரு பங்கை "வாங்க வாங்க"ன்னு விளம்பரம் பண்றதுக்குச் செலவு பண்ணுது. நம்ம ஊட்டி, கொடைக்கானலுக்கும் இப்படி ஒண்ணு வந்தா என்னன்னு யாராவது கேட்டா, நாம என்ன பதில் சொல்லணும்? என் கருத்தை முதல்லயே சொல்லிடறேன். ஊரைப் பராமரிக்கன்னு கேட்டா கொடுக்கலாம். ஊரை விளம்பரம் பண்ணன்னு கேட்டா, நாலு கேள்வி கேட்டுட்டுத்தான் கொடுக்கணும்.

திருவிழா வரி மாதிரிதான், ஆனா ஒரு வித்தியாசம்

இந்தக் கட்டணத்துக்குப் பின்னாடி இருக்கிற லாஜிக் நமக்குப் புதுசு இல்லை. கிராமத்துல கோயில் கொடை, திருவிழான்னா தலைக்கட்டு வரி போடுவாங்க. குடும்பத்துக்கு இவ்வளவுன்னு. பந்தல், மேளம், ரேடியோ செட், நோட்டீஸ் எல்லாம் அதுல இருந்துதான். ஒருத்தர் மட்டும் தன் கைக்காசைப் போட்டு திருவிழா நடத்தினா, கூட்டம் வந்து வியாபாரம் ஆகறது ஊர்ல இருக்கிற எல்லாக் கடைக்கும்தானே? அதனால எல்லாரும் போடணும்.

ஹோட்டல் விஷயமும் இதேதான். ஒரு ஹோட்டல் தன் காசுல "எங்க ஊருக்கு வாங்க"ன்னு டிவியில விளம்பரம் கொடுத்தா, வர்ற ஆள் பக்கத்து ஹோட்டல்ல போய்த் தங்குவான். அதனால யாரும் கொடுக்க மாட்டாங்க. எல்லா ரூம் மேலயும் ஒரே மாதிரி கட்டணம் வச்சு, ஒரே உண்டியல்ல போட்டு, ஊர் பேர்ல விளம்பரம் பண்ணா யாரும் ஓசியில சவாரி பண்ண முடியாது. இதுவரைக்கும் நியாயமான ஏற்பாடுதான்.

வித்தியாசம் எங்கன்னா, தலைக்கட்டு வரியை ஊர்க்காரன் கட்டுவான். திருவிழா முடிஞ்சதும் ஊர்க்கூட்டத்துல கணக்கு வாசிப்பாங்க. மேளத்துக்கு ஏன் இவ்வளவுன்னு எந்திரிச்சுக் கேட்க அவனுக்கு உரிமை இருக்கு. ரூம் கட்டணத்துல காசு கட்டுறது விருந்தாளி. அவர் மூணாம் நாள் பெட்டியைக் கட்டிட்டுக் கிளம்பிடுவார். கணக்கு வாசிக்கிற நாள்ல அவர் அங்க இல்லை, அவருக்கு அந்த ஊர்ல ஓட்டும் இல்லை.

ஓட்டு இல்லைன்னா என்ன ஆகும்ங்கிறதுக்கு அந்த 10 ரிங்கிட்டோட கதையே உதாரணம். 2017-ல முதல்ல போட்ட திட்டம் வேற. ஸ்டார் வாரியா கட்டணம். ஸ்டார் இல்லாத சின்ன லாட்ஜுக்கு 2.50 ரிங்கிட், அஞ்சு ஸ்டாருக்கு 20 ரிங்கிட். பெரிய ஹோட்டல்ல தங்குற உள்ளூர்க்காரங்களும் கட்டணும்னு இருந்தது. எதிர்ப்பு கிளம்பிச்சு. கடைசியில உள்ளூர்க்காரங்களுக்கு முழு விலக்கு. வெளிநாட்டுக்காரங்களுக்கு எந்த ஹோட்டலா இருந்தாலும் ஒரே 10 ரிங்கிட். சத்தம் போட முடிஞ்சவங்களுக்கு விலக்கு கிடைச்சது, நமக்கு ஃப்ளாட் ரேட் கிடைச்சது.

ஃப்ளாட் ரேட்ல யாருக்கு அடி விழுது பாருங்க. 120 ரிங்கிட் ரூம்ல தங்குற உங்களுக்கு 10 ரிங்கிட்ங்கிறது 8 சதவீதத்துக்கும் மேல. 800 ரிங்கிட் ரூம்ல தங்குறவருக்கு 1.25 சதவீதம். முதல்ல யோசிச்ச ஸ்டார் கணக்கு எவ்வளவோ பரவாயில்லை. துபாய்ல இன்னைக்கும் அப்படித்தான். 2014-லிருந்து இருக்கிற 'டூரிசம் திர்ஹாம்' ஹோட்டல் தரத்தைப் பொறுத்து ஒரு ரூமுக்கு ஒரு இரவுக்கு 7 முதல் 20 திர்ஹாம் வரை. ஜப்பான்ல கியோட்டோ இன்னும் ஒரு படி மேல போயிடுச்சு. 2026 மார்ச் முதல் 6,000 யென்னுக்குக் கீழ தங்குறவருக்கு ஒரு இரவுக்கு 200 யென், ஒரு லட்சம் யென்னும் அதுக்கு மேலயும் கொடுத்துத் தங்குறவருக்கு 10,000 யென். ஆனா கியோட்டோவுல ஆள் கணக்கு, ரூம் கணக்கு இல்லை. மூணு பேர் ஒரே ரூம்ல அடைஞ்சுக்கிட்டு மிச்சம் பிடிக்கிற நம்ம டெக்னிக் அங்க செல்லாது.

வேகாஸ்: இன்சென்டிவை நம்பி போட்ட இஎம்ஐ

ரூம் காசுல ஊரை விக்கிறதுல அமெரிக்காவோட லாஸ் வேகாஸை அடிச்சுக்க ஆள் இல்லை. அங்க 1950-களிலேயே இதுக்குன்னு தனி அமைப்பு வச்சாங்க. ரூம் வரிதான் அதுக்கு முக்கியமான வருமானம். உள்ளாட்சிப் பிரதிநிதிகளும் தனியார் துறை ஆட்களும் அதோட போர்டுல உட்காருவாங்க. கன்வென்ஷன் சென்டர் கட்டினது, நடத்துறது, ஊருக்கு விளம்பரம் பண்றது எல்லாமே அவங்க வேலை. வேகாஸ்ல நடக்கிறது வேகாஸோட போயிடும்ங்கிற அர்த்தத்துல வந்த அந்த ஃபேமஸ் விளம்பரம் ஞாபகம் இருக்கா? மீம் டெம்ப்ளேட்டாவே ஆகிப்போச்சே, அது 2003-ல இவங்க கொண்டுவந்ததுதான். அதாவது போன வருஷம் தங்கினவன் காசுல இந்த வருஷம் தங்கப் போறவனைக் கூப்பிட்ட விளம்பரம்.

வேலை செஞ்சதா? செஞ்சது. மறுக்க முடியாது. பாலைவனத்து நடுவுல இருக்கிற ஊர் அது. விளம்பரம் இல்லைன்னா அங்க போக ஒருத்தருக்கும் காரணம் இல்லை. ஆனா உண்டியல் ஒண்ணு நிரம்ப ஆரம்பிச்சா, அதுல கை விட நாலு பேர் வரிசையில நிப்பாங்க. 2016-ல நெவாடா மாநிலம் ரூம் வரியை இன்னும் ஏத்தி, அதுல இருந்து 75 கோடி டாலர் ஒரு ஃபுட்பால் ஸ்டேடியம் கட்டக் கொடுக்க முடிவு பண்ணுச்சு. ஸ்டேடியம் வந்தா கூட்டம் வரும், கூட்டம் வந்தா ரூம் நிரம்பும், ரூம் நிரம்பினா வரி வரும், அந்த வரியில ஸ்டேடியத்துக்கு வாங்கின கடனை அடைக்கலாம். பேப்பர்ல பார்க்க அழகா இருக்கும் கணக்கு. ஸ்டேடியம் 2020-ல ரெடி ஆச்சு. எந்த வருஷம்னு கவனிச்சீங்களா? கொரோனா. கேசினோ, ஹோட்டல் எல்லாம் வாரக்கணக்குல மூடிக் கிடந்தது. ரூமே இல்லைன்னா ரூம் வரி எங்க இருந்து வரும்? அந்த வருஷமே கடன் தவணைக்கு ரிசர்வ்ல கை வைக்க வேண்டியதாச்சு.

நம்ம பாஷையில சொன்னா, வருஷா வருஷம் வர்ற இன்சென்டிவை நம்பி ஹோம் லோன் இஎம்ஐ போட்ட கதை. இன்சென்டிவ் வர்ற வரைக்கும் நீங்க புத்திசாலி. அவங்ககிட்ட எமர்ஜென்சி ஃபண்ட் மாதிரி ஒரு ரிசர்வ் இருந்ததால சமாளிச்சாங்க. ஆனா நான் கேட்கிறது வேற. அந்த ஊர்ல ரெண்டு நாள் கான்ஃபரன்ஸுக்குப் போன ஒரு ஐடி ஆள், ஃபுட்பால் பக்கமே தலை வச்சுப் படுக்காதவர், அந்த ஸ்டேடியத்துக்கு ஏன் காசு கட்டணும்? 'டூரிசம்'ங்கிற வார்த்தைக்குள்ள எதை வேணும்னாலும் திணிக்கலாம்ங்கிறதுதான் பிரச்சினை.

ஊட்டிக்கு விளம்பரம் எதுக்கு?

இப்ப நம்ம ஊருக்கு வருவோம். ஊட்டியில 3,000 ரூபாய் ரூம்ல ரெண்டு நைட் தங்கினா வாடகை 6,000. 2025 செப்டம்பர் 22-க்கு முன்னாடி 12 சதவீத ஜிஎஸ்டி, அதாவது 720 ரூபாய். இப்ப 7,500 ரூபாய் வரைக்கும் உள்ள ரூமுக்கு 5 சதவீதம்தான், 300 ரூபாய். (ஹோட்டல்காரங்களுக்கு இன்புட் கிரெடிட் கிடையாதுன்னு சேர்த்துச் சொல்லிட்டாங்க, அதனால வாடகை எந்த அளவுக்குக் குறையும்ங்கிறது தனிக் கதை.) அந்த 300-ல 150 மத்திய அரசுக்கு, 150 மாநில அரசுக்கு.

ஊட்டி நகராட்சிக்கு? நேரடியா ஒண்ணும் இல்லை.

2017 ஜூலைக்கு முன்னாடி ஹோட்டல் ரூம் மேல மாநிலங்கள் ஆடம்பர வரி போட்டுக்கிட்டிருந்தன. ஜிஎஸ்டி வந்தப்ப அது அதுக்குள்ள கரைஞ்சு போச்சு. மாநிலம் தனியா ரூம் வரி போடுற அதிகாரமும் அரசியல் சட்டத் திருத்தத்தோட போயிடுச்சு. நீங்க கட்டுற ஜிஎஸ்டி பொது கஜானாவுக்குப் போகுது. 'இந்த ஊர்ல இத்தனை பேர் தங்கினாங்க, அதனால இந்த ஊருக்கு இவ்வளவு'ங்கிற கணக்கு அதுல கிடையாது. ஆனா நீங்க போட்ட தண்ணி பாட்டில், நீங்க குளிச்ச தண்ணி, நீங்க தேடின டாய்லெட், எல்லாத்துக்கும் பதில் சொல்ல வேண்டியது அந்த நகராட்சி. சீசன்ல ஊரோட ஜனத்தொகையைவிட வந்துபோற ஜனம் அதிகம்.

அதனால 'ஊர்ல தங்குறவங்ககிட்ட ஊருக்குன்னு ஒரு சின்னத் தொகை'ங்கிற யோசனையை நான் எதிர்க்கலை. நியாயம்தான். ஆனா அதை விளம்பரத்துக்குச் செலவு பண்றேன்னு சொன்னாத்தான் சிரிப்பு வருது. ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் இ-பாஸ் எடுத்துட்டுத்தான் போகணும்னு சென்னை உயர் நீதிமன்றம் சொல்லி, 2024 மே 7-லிருந்து நடைமுறைக்கு வந்துச்சு. அடுத்த வருஷ சீசனுக்கு எண்ணிக்கையே நிர்ணயிச்சாங்க: ஊட்டிக்கு வார நாள்ல 6,000 வண்டி, வார இறுதியில 8,000. கொடைக்கானலுக்கு 4,000, 6,000. கோர்ட்டு தலையிட்டு "போதும், இதுக்கு மேல உள்ள விடாதே"ன்னு சொல்ற ஊருக்கு "வாங்க"ன்னு ஹோர்டிங் வைக்க யார்கிட்ட காசு வாங்குறது?

இதுலதான் இந்த ஏற்பாட்டோட அடிப்படைக் கோளாறே இருக்கு. ரூம் கட்டணம் எங்க நல்லா வசூலாகும்? ஏற்கனவே கூட்டம் நிரம்பி வழியுற ஊர்ல. அங்க விளம்பரம் தேவையில்லை. விளம்பரம் எங்க தேவை? தரங்கம்பாடி மாதிரி, டேனிஷ் கோட்டையையும் கடற்கரையையும் வச்சுக்கிட்டு ஆள் வராம கிடக்கிற ஊருக்கு. அங்க இருக்கிறதே கொஞ்சம் ரூம், அதுல என்ன வசூலாகிடும்? அந்த ஊர் காசுல அந்த ஊருக்கே விளம்பரம்னு சட்டம் போட்டா, கொழுத்தவன் இன்னும் கொழுப்பான், அவ்வளவுதான்.

வெளிநாட்டுல சில ஊர்கள் இதைப் புரிஞ்சுக்கிட்டு ரூட்டை மாத்திடுச்சு. ஆம்ஸ்டர்டாம் 2024-ல ரூம் வரியை 12.5 சதவீதமா ஏத்துச்சு. ஆனா கூட்டத்தை இழுக்க விளம்பரம் பண்ணலை. 2023-ல கூத்தடிக்க வர்ற பிரிட்டிஷ் பசங்களைக் குறி வச்சு "இங்க வராதீங்க"ன்னு ஆன்லைன்ல விளம்பரம் கொடுத்தாங்க! காசு கொடுத்து ஆளை விரட்டின ஊர்.

விளம்பரமே வேண்டாம்னு நான் சொல்லலை. ஒரு விஷயத்துல அது நல்லாவே உதவும்: ஆஃப் சீசன். துபாய் வெயில்ல ஜூலை மாசம் யார் போவா? ஆனா 1998-லிருந்தே கோடைக்குன்னு ஒரு ஷாப்பிங் திருவிழாவை வச்சு விளம்பரம் பண்ணி, ஆளை இழுத்துக்கிட்டே இருக்காங்க. மலை ஊர்ல ஹோட்டல் வேலை பார்க்கிற பையனுக்கு ஏப்ரல், மே ரெண்டு மாசம்தான் கை நிறையக் காசு. மழைக்காலத்துல பாதி ரூம் காலி, ஓவர்டைம் கிடையாது, சில இடத்துல ஆளையே குறைச்சுடறாங்க. மே மாசக் கூட்டத்துல கொஞ்சம் ஆகஸ்டுக்கு நகர்ந்தா அவனுக்கும் நல்லது, உங்களுக்கும் ரூம் சீப். அந்த மாதிரி விளம்பரத்துக்கு வேணும்னா என் காசை எடுத்துக்கட்டும்.

என்ன சொன்னா கட்டலாம்?

வரி போட முடியாதுன்னா என்ன, கட்டணமா வசூலிக்க வழி இருக்கு. சிக்கிம் அப்படித்தான் பண்ணுது. 2025 மார்ச்லிருந்து அங்க போற சுற்றுலாப் பயணி ஒவ்வொருத்தரும் 50 ரூபாய் கட்டணும். ஹோட்டல்ல செக்-இன் பண்றப்பவே வாங்கிடுவாங்க. ஒரு தடவை கட்டினா 30 நாளைக்குச் செல்லும். அதைத் தனி நிதியில போட்டு சுற்றுலா இடங்களோட வசதிக்கும் பராமரிப்புக்கும் செலவு பண்றதா ஏற்பாடு. பூட்டான்ல இது வேற லெவல். இந்தியர்களுக்கே ஒரு ஆளுக்கு ஒரு இரவுக்கு 1,200 ரூபாய். ரெண்டு பேர், நாலு இரவுன்னா 9,600 ரூபாய், ரூம் வாடகை தனி. பைக் எடுத்துட்டு பூட்டான் போற கனவுல இருக்கிறவங்க இதை பட்ஜெட்ல முதல் வரியா எழுதிக்கோங்க.

ஊட்டியில ஒரு ஆளுக்கு 50 ரூபாய்னு யாராவது கொண்டுவந்தா நான் சண்டை போட மாட்டேன். ஆனா அந்தப் பணம் நகராட்சியோட தனிக் கணக்குல இருக்கணும். போன வருஷம் எவ்வளவு வந்தது, எத்தனை டாய்லெட் கட்டினாங்க, குப்பைக்கு எவ்வளவுன்னு ஹோட்டல் ரிசப்ஷன்லயே ஒரு போர்டு மாட்டணும், தலைக்கட்டு வரிக்குக் கணக்கு வாசிக்கிற மாதிரி. அதுல பத்து ரூபாயை மாநில அளவுல ஒரு உண்டியல்ல போட்டு தரங்கம்பாடி மாதிரி ஊர்களுக்குச் செலவு பண்ணட்டும். கூட்டம் அங்கே கொஞ்சம் பிரிஞ்சா ஊட்டிக்கும் மூச்சு விட இடம் கிடைக்கும். அஞ்சு வருஷத்துக்கு ஒரு தடவை இந்தக் கட்டணம் தானாவே காலாவதி ஆகணும். வேணும்னா மறுபடி பேசி நீட்டிக்கட்டும். இதெல்லாம் இல்லாம வெறும் 'சுற்றுலா மேம்பாட்டு நிதி'ன்னு பில்லுல ஒரு வரி வந்தா, அது எங்க போய் முடியும்னு வேகாஸ் ஸ்டேடியத்தைக் கேளுங்க.

அதுவரைக்கும் உங்க பர்ஸுக்குச் சில விஷயம்.

புக்கிங் ஆப்ல விலைக்குக் கீழ சின்ன எழுத்துல 'ப்ராப்பர்ட்டியில் செலுத்த வேண்டியது'ன்னு ஒரு வரி இருக்கும். அதைத் திறந்து பாருங்க. மலேசியாவுக்கு 2023-லிருந்து புக்கிங் தளங்களே அந்த 10 ரிங்கிட்டை வசூலிக்கணும்னு விதி இருக்கு, அதனால உங்க வவுச்சர்ல ஏற்கனவே டூரிசம் டாக்ஸ் சேர்ந்திருக்கலாம். சேர்ந்திருந்தா ரிசப்ஷன்ல காட்டுங்க, ரெண்டு தடவை கட்டாதீங்க. சேரலைன்னா கட்டிட்டு ரசீது வாங்குங்க. ஆபீஸ் வேலையா போயிருந்தா ரசீது இல்லாம ஃபைனான்ஸ் டீம் அந்த 40 ரிங்கிட்டைத் திருப்பித் தராது.

அமெரிக்கா போறவங்க இன்னொண்ணும் பார்க்கணும். 'ரிசார்ட் ஃபீ'ன்னு பில்லுல வர்றது அரசாங்கக் கட்டணம் இல்லை, ஹோட்டல் தனக்குத்தானே போட்டுக்கிறது. 2025 மே 12-லிருந்து அதையும் சேர்த்த விலையைத்தான் முதல்லயே காட்டணும்னு அங்க விதி வந்துடுச்சு. ஆனா அரசாங்க வரியை அந்த விலையில சேர்த்துக் காட்டணும்னு கட்டாயம் இல்லை. வேகாஸ்ல பெரிய கேசினோக்கள் இருக்கிற ஸ்ட்ரிப்ல அதுவே 13 சதவீதத்துக்கு மேல. ரெண்டு ஹோட்டலை ஒப்பிடறப்ப ஒரு நைட் விலையை வச்சு ஒப்பிடாதீங்க. எல்லாம் சேர்த்து கடைசிப் பக்கத்துல வர்ற தொகையை, எத்தனை பேர் தங்குறீங்களோ அத்தனையால வகுத்துப் பாருங்க. வெளிநாட்டு ரிசப்ஷன்ல நம்ம ஊர் கார்டைத் தேய்க்கிறப்ப போற மார்க்-அப்பும் அதுல சேரும். அந்தக் கணக்கை அடுத்த வீடியோவுல போடுறேன்.